முந்நூற்றுப் பன்னிரண்டும் மிலாடாவின் கம்பளித் தொப்பியும்

கள்ளிச் சங்கத்தின் நாற்பதாம் ஆண்டு மலருக்கு உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஹினெக் புரியான் மூன்று முறை உட்கார்ந்து பார்த்தான். 'நான்' என்று தொடங்கினாலே மூன்றாவது வரிக்குள் கை தானாகப் பெருமையடிக்க ஆரம்பித்துவிடுகிறது. நான்காவது முறை 'ஹினெக் என்று ஓர் ஆள் இருக்கிறான்' என்று எழுதினான். அப்போதுதான் உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஆகவே இது அந்த ஆளைப் பற்றிய குறிப்பு. எழுதியது யார் என்று யாரும் துருவிக் கேட்க வேண்டாம்.

ஹினெக்குக்கு பிர்னோ நகரத்தில், லீஷென் குடியிருப்பின் பாய்லர் நிலையத்தில் வேலை. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஆயிரத்து இருநூறு வீடுகளுக்குக் குழாயில் வெந்நீர் அனுப்பி, எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கும் ரேடியேட்டரையும் அதனால் அறையையும் சூடாக வைத்திருப்பது அவன் பொறுப்பு. குளிர்கிறது என்று யாராவது போன் செய்தால் பத்து நிமிஷத்தில் ஸ்பேனரோடு போய் நிற்பான். வீட்டுக்காரர்கள் ஒரு வாய் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்து, "உங்களை மாதிரி ஒருத்தர் வீட்டுல இருந்தா பொண்டாட்டி குடுத்து வச்சவ" என்று வாழ்த்துவார்கள். அவன் அசடு வழியச் சிரித்துவிட்டு வருவான். ஏனென்றால் அந்த ஆயிரத்து இருநூறு வீடுகளில் ஒரே ஒரு அறை மட்டும் குளிர்காலம் முழுக்க ஐஸ் பெட்டியாக இருந்தது. அது அவனுடைய சொந்தப் படுக்கையறை.

காரணம் 312. அந்தக் கள்ளிக்குப் பெயர் கிடையாது. பொலிவியாவில் ஏதோ ஒரு மலையில், பதின்மூன்றாயிரம் அடி உயரத்தில், விதை பொறுக்கின ஆள் தன் நோட்டில் போட்ட வரிசை எண் அது. 1976-இல் அந்த விதையில் முளைத்து ஒரு வயசு தாண்டின இரண்டே இரண்டு கன்றுகள் எங்கள் ஊருக்கு வந்தன. ஒன்று ஹினெக்குக்கு, இன்னொன்று அவன் கூட்டாளி அலோயிஸுக்கு. அலோயிஸ் தபால் ஆபீஸ் குமாஸ்தா. ஊருக்கு வெளியே கண்ணாடி வராந்தா வைத்த வீடு. கன்று வந்த அன்றே அவன் அதன் தலையைச் சீவி, வேகமாக வளரும் வேறு கள்ளியின் மேல் ஒட்டுப் போட்டுவிட்டான். ஐந்தாம் வருஷமே அது பூத்தது. ஹினெக் போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இது பூவாடா? அடுத்தவன் கால்ல நின்னுக்கிட்டுப் பூக்குறது ஒரு பூவா?"

"உன்னுது எப்படா பூக்கும்?"

"பூக்கும்போது பூக்கும். சொந்த வேர்ல பூக்கும்."

இந்த ஒரு பிடிவாதத்துக்காக அவன் கன்று வந்ததிலிருந்து மொத்தம் பதினெட்டு வருஷம் காத்திருந்தான். மலைக் கள்ளிக்குக் குளிர்காலத்தில் தண்ணீர் ஒரு சொட்டு ஆகாது, ஆனால் நல்ல குளிர் வேண்டும். குளிர் படாவிட்டால் அடுத்த கோடையில் மொட்டு வைக்காது. அவனுடைய மற்ற நானூறு சட்டிகளும் கட்டடத்தின் அடித்தள அறையில் இருட்டில் தூங்கிவிடும். 312-க்கு மட்டும் குளிரும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்பது ஹினெக்கின் முடிவு. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் படுக்கையறை ஜன்னல். அலோயிஸின் வராந்தாவில் விட்டு வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அவனுக்கும் தோன்றியது. விட்டால் அந்தக் கத்திக்காரன் ஒட்டுப் போட்டுவிடுவான் என்ற பயத்தில் அந்த எண்ணத்தை அப்போதே அமுக்கிவிட்டான்.

கன்று வந்த வருஷம் அக்டோபர் பதினைந்தாம் தேதி, படுக்கையறை ரேடியேட்டரின் வால்வை மூடும்போது மனைவி மிலாடாவிடம் சத்தியம் செய்தான்.

"ஒரே ஒரு தரம் பூத்துரட்டும் மிலாடா. அன்னைக்கே திறந்து விட்டுடுறேன்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு வருஷம். மிஞ்சிப் போனா மூணு."

மிலாடா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள், கணக்காகப் பேசுவாள். நீலக் கம்பளியில் உச்சியில் குஞ்சம் வைத்து ஒரு தொப்பி பின்னினாள். அதைப் போட்டுக்கொண்டுதான் படுப்பாள். முன்னறையில் போய்ப் படுக்கலாம் என்றால் அங்கே மகன். மகன் கல்யாணம் ஆகிப் போன மறு வாரமே முன்னறைக்கு விதை முளைக்க வைக்கும் விளக்குத் தட்டுகள் வந்து சேர்ந்தன. அந்தத் தட்டுகளைக் கொண்டு வந்தது யார் என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

வருஷா வருஷம் ஹினெக் வால்வை மூடுவான், மிலாடா அலமாரியிலிருந்து தொப்பியை எடுப்பாள். "உன் முந்நூறு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பாள். பன்னிரண்டைச் சேர்த்துச் சொல்லி அதற்கு மரியாதை கொடுக்க அவளுக்கு மனசில்லை.

1994 ஜூன் மாதத்தில் அது பூத்தது. நாலு மொட்டு, நாலும் ஒரே நாளில். செம்மஞ்சள் நிறம், நடுவில் ஊதா. சட்டியை விடப் பூ பெரிது. ஹினெக் பாய்லர் நிலையத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, அதை ஒளிக்கவுமில்லை. மிலாடாவும் வந்து பார்த்தாள். "அழகாத்தான்யா இருக்கு" என்றாள். பிறகு ரேடியேட்டரைப் பார்த்தாள்.

"இல்ல மிலாடா, விதை ஆகட்டும். விதை இல்லாத பூவால என்ன புண்ணியம்?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

விதை ஆவதில் ஒரு சிக்கல். இந்தக் கள்ளிக்குத் தன் பூந்தூள் தனக்கு ஆகாது. வேறு செடியின் தூள் வேண்டும். அதே இனத்தில் இன்னொரு செடி இருந்தது அலோயிஸிடம்தான். பதினெட்டு வருஷமாக 'அடுத்தவன் காலில் நிற்கிறது' என்று பழித்த அதே செடி. ஹினெக் டிராம் பிடித்துப் போய் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"என்னடா, சொந்த வேர்க்காரா?" என்றான் அலோயிஸ். "மாப்பிள்ளை கேட்டு வந்தியா?"

"குடுடா. ரொம்பப் பேசாத."

தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பூந்தூளைக் கொடுத்தான் அலோயிஸ். ஆகஸ்டில் நாலு காயும் பழுத்து வெடித்தன. ஒரு மேசைக்கரண்டி நிறைய விதை, கறுப்பாக, பொடிப்பொடியாக.

இனிமேல்தான் ஹினெக்கின் மகா புத்திசாலித்தனம். அவன் சங்கத்தில் வருஷம் ஒரு தடவை சொற்பொழிவு செய்கிற ஆள். அவனுடைய நிரந்தரத் தலைப்பு: 'பெயர்ச்சீட்டு இல்லாத சட்டி அனாதை'. தயிர் டப்பாவை வெட்டிச் சீட்டு செய்வது எப்படி, எந்தப் பென்சில் வெயிலில் அழியாது என்றெல்லாம் முக்கால் மணி நேரம் பேசுவான். அப்படிப்பட்டவன் இந்த விதைக்கு மட்டும் சீட்டு எழுதவில்லை. எழுதினால் யாராவது படித்துவிடுவார்களாம். சங்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்தால் கழிப்பறைக்குப் போகிற சாக்கில் எல்லாத் தட்டையும் நோட்டம் விடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அவனே மற்றவர்கள் வீட்டில் அதைத்தான் செய்வான். ஆகவே எந்தக் கள்ளிக்காரனும் எட்டிப் பார்க்காத இடமாக யோசித்து, கடுகு விழுது வாங்கின காலிக் கண்ணாடிக் குவளை ஒன்றில் விதையைக் கொட்டி, சமையலறை அலமாரியில், மிலாடாவின் குவளைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். மிலாடாவிடமும் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் அவள் யாரிடமாவது உளறிவிடுவாளாம்.

அதே மாதிரிக் கடுகுக் குவளை ஒன்றில்தான் மிலாடா ரொட்டி மேல் தூவுவதற்குக் கசகசா வைத்திருந்தாள். எங்கள் பக்கத்துக் கசகசா கருநீலமாக இருக்கும்.

நவம்பரில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். ஹினெக் தன் பூவின் படத்தைத் திரையில் காட்டினான். பிறகு, கிளம்பும் அவசரத்தில் அலமாரியிலிருந்த குவளையிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்த முப்பது சின்ன உறைகளை எடுத்து வைத்து, "ஆளுக்குப் பத்து விதை. இலவசம்" என்றான். வாயைப் பிளந்தார்கள். அலோயிஸ் ஓர் உறையைப் பிரித்து, லென்ஸை வைத்துப் பார்த்தான்.

"டேய், விதையில நீலம் பாயுதே!"

ஹினெக்கும் குனிந்து பார்த்தான். கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று அவன் அதைக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தான். இருந்தாலும் நீலம் தெரிந்தது. தெரிந்ததும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"மலை உச்சியில வெயில் கடுமைல்ல? அந்தச் சூட்டைத் தாங்கத்தான் விதைக்கு நீலத் தோல்" என்றான்.

ஆகா என்றார்கள். செயலாளர் குறித்துக்கொண்டார், அடுத்த மாதச் சுற்றறிக்கையில் அது ஹினெக்கின் கண்டுபிடிப்பு என்று அச்சிலும் வந்தது. அன்றைக்குக் கூட்டத்துக்கு மிலாடா சூடாக அறுபது சின்ன ரொட்டி சுட்டு அனுப்பியிருந்தாள், மேலே கசகசா தூவி. பீரும் வினிகரில் ஊறின சாசேஜும் அந்த ரொட்டியுமாக எல்லாரும் ஒரு பிடி பிடித்தார்கள். "கசகசா இந்தத் தடவை கொஞ்சம் கடுக்குமொடுக்குன்னு பல்லுல மாட்டுதே" என்று அலோயிஸ் மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு ஆறாவது ரொட்டியை எடுத்தான்.

அந்தக் குளிர்காலத்திலும் வால்வு மூடித்தான் இருந்தது. தாய்ச்செடிக்குக் குளிர் வேண்டுமே. "விதை முளைக்கட்டும் மிலாடா, வசந்தத்துல முளைச்சிரும், அதோட சரி" என்று சத்தியத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினான். மார்ச்சில் முதல் தண்ணீர் தெளிக்கப் போனவன் செடியை விரலால் தொட்டான். விரல் உள்ளே போனது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் முள்ளும் தோலும். அது செத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். காய்ந்த கள்ளி உயிரோடு இருந்தாலும் அப்படித்தான் இருக்கும், செத்தாலும் அப்படித்தான் இருக்கும். அந்த ஒரு மாதமும் மிலாடா ஒரு பிணத்துக்காகத் தொப்பி போட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

ஹினெக் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அலோயிஸின் செடி தனியாக விதை வைக்காது. மிச்சம் இருப்பது குவளையில் உள்ள விதை மட்டும்தான். எடுத்து விதைத்தான். நாலே நாளில் முளைத்தது. கள்ளி விதை இத்தனை வேகமாக முளைத்து அவன் பார்த்ததில்லை. "வீரியம்!" என்றான். இரண்டாம் வாரம் போன் அடித்தது.

"டேய் ஹினெக்," அலோயிஸின் குரல் சுரத்தில்லாமல் இருந்தது, "என்னுதுல இலை வந்திருக்குடா."

"எனக்கும் வந்திருக்கு."

"கள்ளிக்கு ஏதுடா இலை?"

"ஆதி காலத்துல இருந்திருக்கு. ஒருவேளை இது ரொம்பப் பழைய இனமோ என்னவோ…"

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே மிலாடா துடைப்பத்தோடு முன்னறைக்குள் வந்தாள். விளக்குத் தட்டைப் பார்த்தாள்.

"கசகசாவை எதுக்குய்யா சட்டியில வளக்குற?"

ஹினெக் போனை வைத்துவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை. சமையலறைக்கு ஓடி அலமாரியைத் திறந்தான். குவளை ஒன்றுதான் இருந்தது.

"இன்னொரு குவளை எங்க? பின்னால இருந்துச்சே?"

"அதுவா? உன் கூட்டத்து ரொட்டிக்குத் தூவிட்டேன். பழசை முதல்ல தீர்த்துடலாமேன்னு. ஏன்?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மிலாடா கேட்டுக்கொண்டே நின்றாள். முதலில் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

"எந்திரி. அன்னைக்கு இந்த மேசையில வச்சுத்தான் தூவினேன். இந்த இழுப்பறை எப்பவும் சரியா மூடாது. உள்ள விழுந்திருக்கும்."

இழுப்பறையை உருவித் தரையில் வைத்தார்கள். கரண்டிகளை எடுத்துவிட்டு, ஐந்து மாதத்து ரொட்டித் தூளையும் கசகசாவையும் வெள்ளைத் தட்டில் கொட்டி, இருவரும் மண்டியிட்டு ஊசிமுனையால் கிளறினார்கள். ஹினெக் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். "இதுவா?"

"கசகசா."

"இது?"

"அதுவும் கசகசாதான். கசகசான்னா அவரை விதை மாதிரி வளைஞ்சிருக்கும், மேல வலை போட்டிருக்கும். இதோ பாரு, இது குண்டா, அடியில வாய் வச்ச குட்டிப் பானை மாதிரி. ஒரு தடவை சமைச்சவளுக்குக்கூடத் தெரியும். நீயெல்லாம் பிரசங்கம் பண்ணுற."

குட்டிப் பானைகள் பதினொன்று கிடைத்தன. பதினொன்றையும் கண்டுபிடித்தது மிலாடா.

மே மாதக் கூட்டத்தில் ஹினெக் எழுந்து நின்று உண்மையைச் சொன்னான். முப்பது பேர் வீட்டு ஜன்னலிலும் கசகசாச் செடி அப்போது முழங்கை உயரம். அலோயிஸ் விரல் விட்டு எண்ணினான்.

"ஆறு ரொட்டிடா. நான் மட்டும் ஒரு மலையையே தின்னிருக்கேன்."

"வயித்துல முளைச்சா சொல்லுங்க, பூந்தூள் வாங்கிக்கிறோம்" என்றார் பின்வரிசையில் ஒருவர். பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பில் கூட்டம் நடந்த மாடிக்குக் கீழே மதுக்கடை வைத்திருந்தவர் மேலே ஏறி வந்துவிட்டார். நீலத்தோல் கண்டுபிடிப்புக்கு அடுத்த சுற்றறிக்கையில் திருத்தம் வந்தது. ஹினெக் அதை வெட்டி வைத்திருக்கிறான்.

பதினொன்றில் மூன்று முளைத்தன. பச்சைக் குண்டூசித் தலை மாதிரி மூன்று புள்ளிகள். கன்றுக்கு முதல் குளிர்காலம் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அந்த வயசில் குளிர் பட்டால் போய்விடும். எனவே அந்த அக்டோபர் பதினைந்தாம் தேதி ஹினெக் சட்டியைப் படுக்கையறை ஜன்னலில் வைத்து, வால்வை முழுக்கத் திறந்து விட்டான். வேலை முடிந்து வந்த மிலாடா அறைக்குள் போய் அப்படியே நின்றாள். ரேடியேட்டர் மேல் கையை வைத்தாள். திரும்பிப் பார்த்துச் சிரித்த முகம் இருபது வயசு குறைந்த மாதிரி இருந்தது. அடுத்த கணம் ஜன்னலில் இருந்த சட்டி அவள் கண்ணில் பட்டது.

"இதுக்குச் சூடு வேணுமாக்கும்?"

"முதல் வருஷம் மட்டும்" என்றான் ஹினெக், விஷயம் புரியாமல்.

"எனக்குப் பத்தொன்பது வருஷம் திறக்கல. மூணு பச்சைப் புள்ளிக்குத் திறந்துட்ட."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் ஹினெக் அதைச் சரியாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வெறுந்தலையோடு படுத்தாள். வருஷா வருஷம் வரும் இருமல் இல்லை, தோள்வலி இல்லை. அதையும் அவன் கவனிக்கவில்லை. தினமும் கன்றுகளை லென்ஸ் வைத்து அளந்துகொண்டிருந்தான்.

மறு வருஷம் அக்டோபர் பதினைந்து. கன்றுகள் பட்டாணி அளவு. இனி அவற்றுக்குக் குளிர் வேண்டும். காலையில் ஹினெக் ஸ்பேனரோடு ரேடியேட்டர் முன் மண்டியிட்டான். முதுகுக்குப் பின்னால் அலமாரிக் கதவு திறக்கும் சத்தம். மிலாடா அந்த நீலத் தொப்பியை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, தன் தலையணை மேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். உச்சிக் குஞ்சத்தில் பாதி உதிர்ந்திருந்தது. முன்பக்கம் இரண்டு இடத்தில் வேறு கம்பளியால் தைத்திருந்தாள். எப்போது தைத்தாள் என்று அவனுக்குத் தெரியாது.

ஹினெக் வால்வைத் தொடாமல், ஸ்பேனரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். யார் யார் வீட்டுக்கோ ஓடி ஓடித் திறந்துவிட்ட கை அது. அவனுக்குத் தன் மேல் வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை.

மதியம் சட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு அலோயிஸ் வீட்டுக்குப் போனான்.

"இந்தா. உன் வராந்தாவுல வச்சுக்கோ."

அலோயிஸ் சட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னடா ஆச்சு உனக்கு?"

"மிலாடாவுக்குக் குளிருதுடா."

"எத்தனை நாளா?"

"பத்தொன்பது வருஷமா."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னைக்குக் காலையில."

அலோயிஸ் அதற்கு ஒரு கேலியும் செய்யவில்லை. சட்டியை வாங்கி உள்ளே வைத்தான்.

வீட்டுக்கு வந்தபோது மிலாடா படுக்கையறையில், ரேடியேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் காலி.

"எங்க அதெல்லாம்?"

"அலோயிஸ் வீட்டுல."

"அவன் கத்தியைத் தூக்கிடுவானே?"

"தூக்கட்டும்."

அவள் கொஞ்ச நேரம் ரேடியேட்டரைத் தடவிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு தலையணையிலிருந்த தொப்பியை எடுத்து, எழுந்து வந்து, அவன் தலையில் காதுவரை இழுத்து மாட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை ஆனா அங்க போய் உக்காராம உன்னால இருக்க முடியாது. வராந்தா குளிரும். போட்டுக்க."

அவள் சொன்னது சரிதான். மூன்று வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் போகிறான். அலோயிஸ் மூன்றில் ஒன்றை ஒட்டுப் போட்டுவிட்டு, தானாகவே அப்படி முளைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறான்; ஹினெக்கும் பார்க்காத மாதிரியே இருக்கிறான். இன்னும் எதுவும் பூக்கவில்லை. லீஷெனிலிருந்து போகும் டிராமில், குஞ்சம் பாதி உதிர்ந்த நீலத் தொப்பியோடு ஒரு கிழவனை யாராவது பார்த்திருந்தால், அது நான்தான்.